பால் கணக்குக் காலண்டரில் கத்தரிக்காய்

ராமாமணிக்குச் செடி கொடி பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் டிரங்க் கால். கோயமுத்தூர் தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, தாராபுரத்துப் பருத்தி வியாபாரியை பம்பாயோடும், மதுக்கரையில் இருக்கிற அப்பாவை டெல்லியில் இருக்கிற மகனோடும் சேர்த்துவைத்தவள். சேர்த்துவைத்த கையோடு சீட்டில் எழுதுவாள்: எங்கிருந்து, எங்கே, எவ்வளவு நேரம். அப்புறம் வீதிக்கு வீதி எஸ்.டி.டி. பூத் வந்தது. எல்லோரும் தாங்களே எண்ணைச் சுழற்றித் தாங்களே பேசிக்கொண்டார்கள். தொண்ணூற்று நாலில் அவள் ஓய்வு பெற்றபோது ஒரு மாலையும் ஒரு எவர்சில்வர் குடமும் கொடுத்து, நன்றாகப் புகழ்ந்து பேசி அனுப்பிவைத்தார்கள். குடம் நல்ல குடம்தான். பிடித்துவைப்பவளும் ஒருத்தி, குடிப்பவளும் அதே ஒருத்தி என்பதால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர் செலவானதில்லை.

சிங்காநல்லூர் பக்கம் அப்பா கட்டிய சின்ன வீடு. தம்பியைப் படிக்கவைத்து, தங்கையைக் கட்டிக்கொடுத்து, அம்மாவைக் கடைசிவரை பார்த்து, எல்லாம் முடித்து நிமிர்ந்தபோது, "உனக்கு என்ன வேணும் ராமாமணி" என்று கேட்க ஆளில்லை. வீட்டில் போன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தம்பி கூப்பிடுவான். மற்ற நாளில் தவறான எண் வரும். தவறான எண்ணுக்கும் அவள் ரொம்ப மரியாதையாகப் பதில் சொல்லி, யாரைத் தேடுகிறார்கள் என்று விசாரிப்பாள். அவர்கள் பட்டென்று வைத்துவிடுவார்கள். நாள் முழுக்க ஊரார் பேச்சைக் கேட்டுப் பழகிய காது சும்மா இருந்தால் என்ன பாடுபடும் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

தோட்டம் தானாக வந்தது. கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடுகிற இடத்தில், ஒரு தக்காளிச் செடி முளைத்து, யாரையும் கேட்காமல் காய்த்தது. அதைப் பார்த்து ராமாமணிக்கு ஆசை வந்துவிட்டது. கடையில் இருந்த விதைப் பொட்டலத்தில் ஒவ்வொன்று வாங்கிவந்து, ஒரே நாளில், ஒரே மூச்சில், எல்லாவற்றையும் தூவினாள். எங்கே எதைப் போட்டோம் என்பது மறுநாளே மறந்துவிட்டது. கொத்தமல்லி போட்ட இடத்திலேயே முள்ளங்கியும் போட்டாள். செண்டுமல்லி என்று நினைத்து ஒரு வரிசைக்கு மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றினாள். அது தளதளவென்று வளர்ந்தது.

ஒருநாள் காலையில் சுவருக்கு அக்கட்டயிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க டெலிபோன் அம்மணி, தப்பா நெனைக்காதீங்க. அந்தப் பார்த்தீனியக் களைக்கா தண்ணி ஊத்திட்டு இருக்கறீங்க?"

மாரியாத்தாள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர். அவரும் அறுபதைத் தொட்டவர்தான். கிணத்துக்கடவில் தென்னந்தோப்பும் காடுமாக இருந்த குடும்பம். கிணறு வற்றி, புருஷனும் போன பிறகு, நிலத்தை விற்றுவிட்டு மகன் கதிர்வேலோடு டவுனுக்கு வந்துவிட்டார். மகன் பம்ப்செட் கம்பெனியில் வேலை, மருமகள் ஒரு ஆபீசில். காலையில் இருவரும் கிளம்பினால் பொழுதோடுதான் வருவார்கள். அந்த வீட்டுக் கொல்லை முழுக்க சிமென்ட் தளம். ஒரு துளசிகூட நட இடமில்லை. அதனால் மாரியாத்தாள் ஒரு கல்லைப் போட்டு ஏறி நின்று, ராமாமணியின் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்தீனியத்தையும் ரொம்ப நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம். சொன்னால் மனசு கஷ்டப்படுமே என்று பொறுத்திருக்கிறார்.

அன்றைக்கு இரண்டு பேரும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ராமாமணி அப்படிச் சிரித்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

அவமானம் நல்ல ஆசிரியர். அந்த வருஷமே ஒரு மகளிர் மன்றத்தில் நடந்த வீட்டுத்தோட்ட வகுப்புக்கு ராமாமணி போனாள். நந்திதா என்றொரு பெண் வந்து பாடம் எடுத்தாள். உரம், மருந்து என்று ஏதேதோ சொல்வாள் என்று பார்த்தால், அவள் பாதி நேரம் பழக்கத்தைப் பற்றித்தான் பேசினாள். முதல் வருஷம் கொஞ்சமாகப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள், ஒரே நாளில் காய்த்துத் தொலைக்கும். விதைத்த இடத்தில் பெயர் எழுதிக் குச்சி நடுங்கள். தினம் காலையில் ஒரு சுற்று சுற்றிவந்து இலைக்கு அடியில் திருப்பிப் பாருங்கள். களைக்கொத்தைக் கழுவி அதன் ஆணியில் மாட்டுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, எழுதுங்கள்.

"ஞாபகத்தை நம்பாதீங்கம்மா. என்னைக்கு வெதச்சீங்க, என்னைக்குப் பூ வந்துச்சு, என்ன பூச்சி வந்துச்சு, செத்துப்போனது எது, எல்லாம் எழுதுங்க. எவ்வளவு பறிச்சீங்க, அது எங்க போச்சு, அதையும் எழுதணும். அப்பத்தான் அடுத்த பட்டத்துக்கு எத்தனை செடி வேணும்னு தெரியும்."

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று ராமாமணியின் அம்மாவும் சொல்வதுண்டு. ஆனால் அவள் மனசைப் பிடித்துக்கொண்டது கடைசி வார்த்தைதான். எங்கே போனது. எங்கிருந்து, எங்கே. இது அவளுக்குத் தெரிந்த வேலை. இதைச் செய்யத்தானே முப்பது வருஷம் சம்பளம் வாங்கினாள்.

முதலில் ஒரு நோட்டு வாங்கினாள். மண் கையோடு நோட்டைத் தொட மனம் வராமல் அது அலமாரியிலேயே கிடந்தது. கண்ணில் படுகிற இடத்தில் எழுதினால்தான் எழுதுவோம் என்று புரிந்தது. சமையலறைச் சுவரில் மளிகைக்கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் தொங்கியது. ஒரு தேதிக்கு ஒரு கட்டம். எல்லா வீட்டிலும் போல அதில்தான் பால் கணக்கு. பால்காரர் வராத நாளுக்குப் பெருக்கல் குறி, கூட வாங்கிய நாளுக்கு அரை, கால். அதே கட்டங்களில், அதே பென்சிலால், ராமாமணி தோட்டக் கணக்கையும் எழுதத் தொடங்கினாள். இந்த இடத்தில் அவளைப் பிடித்து உலுக்கி, "தாயே, வேறு தாளில் எழுது" என்று சொல்ல யாராவது இருந்திருக்கலாம். யாரும் இல்லாததுதான் அவள் கதையே.

தொண்ணூற்றாறில் ஆடிப்பட்டம் பார்த்து விதைத்தாள். தயிர் டப்பாவைக் கீறிப் பெயர்ச்சீட்டு செய்து நட்டாள். காலையில் காபி டம்ளரோடு ஒரு சுற்று. தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் தூரில் ஊற்றினாள். காலண்டரைப் பார்த்தே, கத்தரியில் தண்டுப்புழு வந்த வாரத்தையும் அதற்கு முந்தைய மழையையும் சேர்த்துவைத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். ஐப்பசி பிறந்தபோது செடிகள் அவள் தேவைக்கு மேல் கொடுத்தன. ஒருத்திக்கு எத்தனை கத்தரிக்காய் வேண்டும்? இரண்டு நாள் குழம்பு வைத்தால் மூன்றாம் நாள் வாய் மறுக்கிறது. மிச்சம் சுவர் ஏறியது.

கொடுப்பதற்கும் ஒரு முறை இருந்தது. மாரியாத்தாள் கல்லின்மேல் ஏறி நின்று கையை நீட்டுவார். கத்தரி, வெண்டை, அவரை எல்லாம் கைக்குக் கை போகும். மிளகாய் மட்டும் போகாது.

"மொளகாயச் செவுத்து மேல வெய்யுங்க அம்மணி, நான் எடுத்துக்கறேன். கையில குடுத்தா சண்டை வந்துபோடும்."

"வந்தா வரட்டுமுங்க்கா."

"அட, வாயக் கழுவுங்க. இருக்கறதே நாம ரெண்டு பேரு."

அந்த ஒரு பேச்சுக்காக ராமாமணி வேண்டுமென்றே ஒவ்வொரு முறையும் மிளகாயைக் கையில் கொடுக்கப் போவாள். மாரியாத்தாள் ஒவ்வொரு முறையும் கையை இழுத்துக்கொள்வார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். மாரியாத்தாளும் சும்மா வாங்கிக்கொள்கிறவர் இல்லை. வெல்லக் கச்சாயம் சுட்டால் நாலு, அரிசிச் சந்தகை பிழிந்தால் ஒரு தட்டு, சுவர் மேலேயே திரும்பி வரும்.

உள்ளே வந்து ராமாமணி காலண்டரில் எழுதுவாள். 'கத்தரி ½ – மாரியாத்தாள்.' 'வெண்டை ¼ – மாரியாத்தாள்.' எழுதி முடித்து ஒரு நிமிஷம் நின்று பார்ப்பாள். இத்தனை வருஷமாக அந்தச் சுவரில் தொங்கிய காலண்டர் எதிலும் ஒரு மனிதரின் பெயர் வந்ததில்லை. பாலும் காஸ் சிலிண்டரும்தான். இப்போது கட்டத்துக்குக் கட்டம் ஒரு பெயர். அதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மார்கழிப் பனியில் ராமாமணிக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் கொல்லைப் பக்கம் ஆள் தெரியவில்லை என்றதும் மாரியாத்தாள் சுவரை நம்பாமல் வாசல் வழியாகவே வந்துவிட்டார். கையில் தூக்குப்போசி நிறையக் கஞ்சி. நெற்றியைத் தொட்டுப் பார்த்து, போர்வையைச் சரிசெய்து, "டம்ளர் எங்கீங்க இருக்குது? நீங்க எந்திரிக்காதீங்க, நானே எடுத்துக்கறேன்" என்று சமையலறைக்குள் போனார். அதுவரை அவர் அந்தச் சமையலறைக்குள் கால் வைத்ததில்லை.

டம்ளர் எடுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

"அம்மணி..." உள்ளேயிருந்து குரல் மெதுவாக வந்தது. "எனக்குக் குடுத்ததையெல்லாம் எழுதி வெச்சிருக்கறீங்ளா?"

காய்ச்சலில் கிடந்த ராமாமணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாங்க்கா. ஒண்ணு விடாம எழுதியிருக்கேனுங்க."

பெருமையாக வேறு சொன்னாள். பாவி மகள்.

மாரியாத்தாள் வெளியே வந்தார். கஞ்சியை ஊற்றி, பக்கத்தில் வைத்து, குடித்து முடிக்கும்வரை நின்றார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். "வாரேனுங்க" என்றார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். கோபத்திலும் கஞ்சியைக் குடிக்கவைத்துவிட்டுப் போன மனுஷி அவர். அது ராமாமணிக்கு அப்போது தெரியவில்லை.

காய்ச்சல் விட்டு எழுந்த அன்று சுவர் மேல் ஒரு பொட்டலம் இருந்தது. பேப்பரில் சுற்றிய கத்தரிக்காய், அரைக் கிலோ. பளபளவென்று மினுங்குகிற கடைக் கத்தரிக்காய். தனக்கு உடம்பு சரியில்லை என்று வாங்கி வைத்திருக்கிறார் என்று ராமாமணி உருகிப்போனாள். மறுநாள் வெண்டைக்காய், கால் கிலோ. அதற்கு மறுநாள் அவரை. அதற்குப் பிறகு மறுபடியும் கத்தரி. தன் தோட்டத்திலேயே தொங்குகிற காயை இவர் ஏன் கடையில் வாங்கித் தருகிறார்? யோசித்துக்கொண்டே, தான் பறித்த அவரையை எழுதக் காலண்டரின் முன்னே நின்றவள், காய்ச்சலுக்கு முந்தைய கட்டங்களைப் பார்த்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். கத்தரி அரை, வெண்டை கால், அவரை அரை, கத்தரி அரை. அதே வரிசை. அதே அளவு. மாரியாத்தாள் சமையலறையில் நின்று மனப்பாடம் செய்துகொண்டு போயிருக்கிறார்.

பால் கணக்குக்குப் பக்கத்தில் எழுதியது வேறு என்னவாகத் தெரியும்? எந்த வீட்டிலும் அந்தக் கட்டத்தில் இருப்பது மாசக் கடைசியில் கொடுக்க வேண்டிய பாக்கி. அதிலும் கிணத்துக்கடவில் தன் தோட்டத்தில் விளைந்தபோது கூடையோடு அள்ளிக் கொடுத்தே பழகியவருக்கு, வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியதே ஒரு மாதிரி. அந்தக் கையை ஒருத்தி எழுதிவைத்திருக்கிறாள். கச்சாயத்தையும் சந்தகையையும் எழுதவில்லை. அவை தோட்டத்தில் விளையவில்லையே என்று ராமாமணி விட்டிருந்தாள்.

அவள் சுவரிடம் ஓடினாள். கூப்பிட்டாள். கடைசிப் பொட்டலத்தை வைக்க வந்த மாரியாத்தாள் அவள் முகத்தைப் பார்க்காமல், மரியாதையாகக் கேட்டார்.

"இத்தோட சரியாப்போச்சுங்களா? பாக்கி ஒண்ணும் இல்லீங்களே?"

"அக்கா, அது அப்படி இல்லீங்க்கா, அது வந்து..."

"இல்லீனா சரீங்க." அவர் கல்லைவிட்டு இறங்கிவிட்டார். மறுநாள் அந்தக் கல்லும் அங்கே இல்லை.

கொங்கு நாட்டில் திட்டினால் தப்பித்துக்கொள்ளலாம். மரியாதை கூடினால்தான் ஆபத்து. வாசலில் எதிர்ப்பட்டால் மாரியாத்தாள், "சௌக்கியங்களா?" என்பார். பதிலுக்கு நிற்கமாட்டார். தை நோம்பிக்கு ராமாமணி பொங்கல் வைத்து, ஒரு தூக்குப்போசியில் போட்டு, பக்கத்து வீட்டு வாசல்வரை போய், மகனும் மருமகளும் உறவுக்காரர்களுமாக அந்த வீடு கலகலத்துக் கிடந்ததைப் பார்த்துத் திரும்பிப்போனாள். அந்தப் பொங்கலை அவள் மூன்று வேளை சாப்பிட்டாள்.

அதற்குள் புதுக் காலண்டர் வந்திருந்தது. பழையதைத் தூக்கியெறிய மனமில்லாமல், அதன் மேலேயே புதியதை மாட்டினாள். பழக்கம் விடவில்லை, தினம் காலையில் சுற்றினாள், இலையைத் திருப்பினாள், எழுதினாள். பறித்தது இருந்தது. எங்கே போனது என்ற இடம் காலியாக இருந்தது. அவரை முற்றி உலர்ந்தது, விதைக்கு என்று எழுதிக்கொண்டாள். கத்தரி பழுத்து விழுந்தது, உரத்துக்கு என்று எழுதிக்கொண்டாள். மாரியாத்தாளின் பெயரை ரப்பரால் அழித்துவிட்டால் என்ன என்றுகூட ஒருநாள் பழைய காலண்டரை எடுத்தாள். அழித்தால் தன் வீட்டில் மறுபடியும் பால்காரர் மட்டும்தான் இருப்பார் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. சத்தம் போட்டே அழுதாள். கேட்கத்தான் யாரும் இல்லையே.

மிளகாய்ச் செடிகளுக்கு இதெல்லாம் தெரியாது. மாசியில் அவை சரம் சரமாகக் காய்த்தன. ஒருநாள் காலை ராமாமணி முந்தானை நிறையப் பறித்து, பழக்க தோஷத்தில் சுவரருகே போய் நின்றாள். அந்தப் பக்கம் மாரியாத்தாள் துணி உதறுகிற சத்தம் கேட்டது. இருமினார். இவளும் இருமினாள். உதறுவது நின்றது. அவ்வளவுதான். ஒரு கை நீளத் தூரத்தில் இரண்டு கிழவிகள் மூச்சுவிடாமல் நின்றுகொண்டிருக்கிறார்கள். ராமாமணிக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. முந்தானையோடு வாசல் வழியாக வெளியே வந்து, பக்கத்து கேட்டைத் தள்ளிக்கொண்டு, கொல்லைக்கே போய்விட்டாள். திகைத்து நின்ற மாரியாத்தாளின் ஈரக் கையைப் பிடித்து, உள்ளங்கையை விரித்து, ஒரு பிடி மிளகாயை வைத்து மூடினாள்.

"ஏனுங்க அம்மணி! மொளகாயக் கையில குடுக்கறீங்க? சண்டை வருமுங்க!"

"வரட்டுமுங்க்கா. வரணும்னுதான் குடுத்தேன். போடுங்க சண்டை. பேசாம இருக்கறதுக்கு அது தேவலைங்க."

மாரியாத்தாள் கையில் இருந்ததைப் பார்த்தார். பிறகு சண்டை வந்தது. மூன்று மாதமாகத் தேக்கிவைத்தது மொத்தமும் வந்தது.

"எங்க தோட்டத்துல போற வாற சனமெல்லாம் மூட்டை கட்டிட்டுப் போவாங்க. ஒரு நாள் ஒரு காய எண்ணியிருப்பனா? குடுக்கறத எழுதற பழக்கம் எங்கீங்க படிச்சீங்க? ரெண்டு கத்தரிக்காய்க்கு எம் பேரப் பால்காரங்கூட எழுதிப்போட்டீங்களே! அன்னைக்கு ஊட்டுக்கு வந்து அழுதனுங்க. எம் பையனுக்குக்கூடத் தெரியாது."

"முப்பது வருசம் ஊரான் பேரெல்லாம் எழுதுனனுங்க்கா! எம் பேர யாரு எழுதுனாங்க? என்ற ஊட்டுச் செவுத்துல மனுசப் பேருன்னு வந்ததே உங்க பேருதான். கடன்னு எழுதுனனா நான்? ஆளு இருக்குதுன்னு எழுதுனேன். எனக்கும் குடுக்கறதுக்கு ஒரு ஆளு இருக்குதுன்னு எழுதுனேன்!"

"அத வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"கல்ல எடுத்துப்போட்டா யாருகிட்டச் சொல்றது? செவுத்துகிட்டயா?"

பின்வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். மாரியாத்தாள் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். மிளகாய் பிடித்த கை. "அய்யோ" என்று அலறிக்கொண்டு தொட்டிக்கு ஓடி முகத்தைக் கழுவினார். ராமாமணி தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். அப்போதும் அவர் சமாதானம் ஆகவில்லை. "போங்க, போங்க" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ராமாமணி தொண்டை கட்டி வீடு வந்தாள். போனது போனதுதான் என்று நினைத்தாள். ஆனாலும் ஒரு மனுஷியோடு அவ்வளவு நேரம் பேசியிருக்கிறாள். காலண்டரில் 'மிளகாய்' என்று எழுதி, பக்கத்தில் பெயர் எழுதப் பயந்து பென்சிலை விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் அவள் கத்தரியின் இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அக்கட்டயில் கல்லை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. தலை தெரிந்தது. ஒரு கண் இன்னும் சிவந்திருந்தது.

"டெலிபோன் அம்மணி! நேத்து ஒண்ணு கேக்க மறந்துபோட்டனுங்க."

"கேளுங்க்கா." காபி டம்ளரோடு சுவரருகே போனாள்.

"காச்சல்ல கஞ்சி ஊத்துனனே. அத எழுதுனீங்களா?"

"இல்லீங்க்கா. அது தோட்டத்துல..."

"தோட்டமாவது ஒண்ணாவது. எழுதுங்க மொதல்ல. நான் குடுத்த கச்சாயம், சந்தகை, எல்லாத்தையும் எழுதுங்க."

"அது போன வருசக் காலண்டருங்களே அக்கா."

"எதுலயோ எழுதுங்க. எம் பேரப் போட்டு எழுதுங்க. நான் இங்கயே நிக்கறேன்."

ராமாமணி காபியைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்துவிட்டு, காலில் மண்ணோடு பென்சிலை எடுக்க உள்ளே ஓடினாள்.